இரும்புப் படிகம் எங்கே?

"ஐயோ...! போச்சு!"

ஆராய்ச்சிக்கூடமே அதிர்ந்தது.

அலறியவன் விஞ்ஞானி. திறந்து கிடந்த குளிர்கலனுக்குள் மூக்கை நுழைத்திருந்தான். உள்ளே படிகத்தைக் காணோம்!

உளுந்தளவு இரும்புச் சேர்மப் படிகம்... எட்டு மாதம் உலையில் வளர்த்தது!

பத்தே நிமிடத்தில் இன்ஸ்பெக்டர் வந்து நின்றாள். விஞ்ஞானியின் சொந்த அக்கா.

"அழாதடா. அதென்ன வைரமா?"

"மீக்கடத்திக்கா! கடுங்குளிர்ல தடையே இல்லாம கரண்ட் ஓடும். உள்ள எலெக்ட்ரான் எல்லாம் ஜோடி ஜோடியா திரியும். அந்த ஜோடியப் பிரிக்க எவ்வளவு ஆற்றல் வேணும்? அந்த ஆற்றல் இடைவெளியத்தான் அளக்கறேன்."

"உனக்கே ஒரு ஜோடி அமையல... இதுல அடுத்த ஜோடியப் பிரிக்கறியா?"

"அக்கா! நாளைக்கு மாநாட்டுல அறிவிக்கணும். என் மானமே போயிரும்!"

இன்ஸ்பெக்டர் கேமராப் பதிவை ஓட்டினாள்.

திங்கள், காலை பத்து மணி.

எதிர் அறை ஆராய்ச்சியாளர்... அவனுடைய பத்து வருடப் போட்டியாளர்... கையில் இடுக்கியோடு நுழைகிறாள்!

அழைத்ததும் வந்தாள். முகத்தில் பயமே இல்லை!

"ஆமா. நான்தான் எடுத்தேன்."

"விலங்கு மாட்டுக்கா!"

"இருடா." இன்ஸ்பெக்டரின் பார்வை சுவர் வரைபடத்தில் நின்றது. "இது என்ன?"

"என் அளவு! நடுவுல பள்ளம் தெரியுதுல்ல? அதான் இடைவெளி. எவ்ளோ அழகு!"

"என்னிக்கு எடுத்த?"

"செவ்வாக்கிழமை..."



"படிகம் போனது திங்கக்கிழமை. அப்ப செவ்வாக்கிழமை நீ எதைடா அளந்த?"



"ஈயத்தை," என்றாள் போட்டியாளர். "கம்பிய ஒட்ட வெச்ச ஈயம். அதுவும் குளிர்ல மீக்கடத்திதான். இவரோட அளவெடுக்கற ஊசி அதுல பட்டுச்சே தவிர, படிகத்தத் தொடவே இல்ல. சொன்னா பொறாமைன்னு சண்டைக்கு வருவார். படிகமே இல்லாமலும் அதே பள்ளம் வந்தா, தானா புரிஞ்சுக்குவார்னு எடுத்தேன். இவர் உள்ள எட்டிப் பார்க்காமலே மூடி, அளந்து, சுவத்துல ஒட்டிட்டார்!"

விஞ்ஞானி நாற்காலியில் சரிந்தான்.

"எட்டு மாசம் இரும்பை வளர்த்து ஈயத்தை அளந்திருக்கேன்... முட்டாள்தனத்துக்குப் பரிசு உண்டுன்னா வேற யாரும் மனு போட வேண்டாம்!"

அவள் ஒரு காகிதத்தை நீட்டினாள்.

"உங்க படிகத்த நான் அளந்துட்டேன். ஒண்ணு இல்ல, ரெண்டு இடைவெளி! நாளைக்கு நீங்களே அறிவிக்கலாம். உங்க பேரத்தான் முதல்ல போட்டிருக்கேன்."

அவன் கண்கள் கலங்கின.

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தாள். "சொல்லுடா. என்ன கேஸ் எழுத?"

விஞ்ஞானி தலையைச் சொறிந்தான்.

"ஏன்க்கா... திருடினவங்களுக்கு நன்றி சொல்ல உங்க சட்டத்துல ஏதாவது செக்‌ஷன் இருக்கா?"