மூன்றுக்குக் கீழே

நான்காவது கால்பகுதி தொடங்கும் முன்பே பார்வையாளர்கள் எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்கள். யாரும் கிளம்பவில்லை. யாரும் உட்காரவும் இல்லை. கோவில்பட்டி நீலத்தரை மைதானத்தில் சர்வதேச ஜூனியர் பெண்கள் ஹாக்கியின் அரையிறுதி. நெதர்லாந்து மூன்று, இந்தியா ஒன்று. ஆட்டம் எந்த நொடியிலும் முடிந்துவிடலாம் என்பதால் கடிகாரத்தை யாரும் கவனிக்கவில்லை.

எல்லார் கண்ணும் கணிப்பலகையில் இருந்தது. இந்தியா தோற்காமல் தப்பிக்க எவ்வளவு வாய்ப்பு என்று அது நொடிக்கு நொடி சொல்லும். இப்போது சிவப்பில் நூற்றுக்கு 4.6.

“பந்தை வச்சுக்கிடுங்க. தேவையில்லாம ஏறாதீங்க. எண்ணு இறங்கக் கூடாது, அவ்வளவுதான்” என்றார் பயிற்சியாளர் சவரிமுத்து.

“அப்ப கோலை எப்ப அடிக்க, கோச்?”

கேட்டவள் கேப்டன் உலகம்மை. அவருடைய மகள். மைதானத்துக்குள் அப்பா கிடையாது, கோச்தான். அது அவர் போட்ட விதி.

“எண்ணு அஞ்சைத் தாண்டட்டும்.”

“தாண்டணும்னாலே கோல் அடிக்கணும்லா?”

கோல்கீப்பர் பியூலா தலைக்கவசத்துக்குள் களுக்கென்று சிரித்தாள். சவரிமுத்து முறைத்த முறைப்பில் சிரிப்பு நின்றது.

“பியூலாவ வெளிய எடுத்துருவோம் கோச். பதினோரு பேரும் ஏறி ஆடலாம். அந்தக் காலத்துல அப்படித்தான ஆடுனாங்க?” என்றாள் உலகம்மை.

“எடுத்த அடுத்த நொடி எண்ணு ரெண்டுக்குப் போயிரும். ஊதிருவான். போ, போய் ஆடு.”

நிச்சயம் சங்கு ஊதி ஆட்டத்தை முடித்துவிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாக அதுதான் சட்டம். தண்ணீரும் மின்சாரமும் பற்றாமல் போன காலத்தில் வந்த வீண்முயற்சித் தடைச் சட்டம். நூற்றுக்கு மூன்றுக்குக் கீழே வாய்ப்பெண் விழுந்த எதையும் தொடரக் கூடாது. முதலில் பாதி வளர்ந்த பயிர்களை விட்டார்கள். பிறகு வழக்குகள், விளையாட்டுகள். கடைசியாக, மருத்துவமனைகள். மூன்று என்றால் பூஜ்யம்தான் என்று ஊர் பழகிவிட்டது. கணிப்பு ஒரு தடவைகூடப் பொய்த்ததில்லை என்று பள்ளிப் புத்தகத்தில் பாடம் இருந்தது. பொய்க்கிறதா என்று பார்க்க எதையும் விட்டுவைத்ததில்லை என்பது பாடத்தில் இல்லை.

சவரிமுத்து அந்தப் பாடத்தை நம்பினார். வேறு வழியில்லை. பதினான்கு மாதத்துக்கு முன்னால் மனைவி லூர்துவின் கட்டிலுக்கு மேலே 2.7 என்று விழுந்தபோது, சுவாசக் கருவியை நிறுத்தச் சம்மதம் சொன்னவர் அவர். உலகம்மை பயிற்சி முகாமிலிருந்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. “ரெண்டு புள்ளி ஏழும்மா” என்றார் மகளிடம். அன்றிலிருந்து அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் அவர் இரவில் தூங்கினார்.

ஆட்டம் தொடங்கியது. பெண்கள் சொன்னபடியே ஆடினார்கள். பந்து பின்னால் போனது, பக்கவாட்டில் போனது, மறுபடி பின்னால் வந்தது. நேரம் கரையக் கரைய எண்ணும் கரைந்தது. 4.1. 3.5. 3.1.

2.9.

சங்கு ஊதியது. ஆட்டம் முடிந்தது. கூட்டம் வாசலை நோக்கி நகர்ந்தது.

நெதர்லாந்து கேப்டன் ஃபெம்கே கை நீட்டினாள். உலகம்மை அந்தக் கையைப் பிடித்தாள், விடவில்லை.

“இன்னும் நாலரை நிமிஷம் கிடக்கு. சும்மா ஆடுவமா? கணக்குல வேண்டாம்.”

ஃபெம்கேயின் காதிலிருந்த செவிப்பெயர்ப்பி அதை அவள் மொழியில் முணுமுணுத்தது. அவள் பதிலை உலகம்மையின் கருவி உணர்ச்சியற்ற தமிழில் சொன்னது: “எனக்கு இருபது வயது. ஜெயித்த ஆட்டத்தைக்கூட நான் முழுதாக ஆடியதில்லை. வா.”

நடுவர் தோளைக் குலுக்கினார். “ஆறு மணி வரைக்கும் தரை உங்களுக்குத்தான். ஆனா முடிவு மாறாது.”

“ஏட்டி உலகம்! வெளிய வா, முடிஞ்சு போச்சு!” சவரிமுத்து கத்தினார்.

“முடிஞ்சு போச்சுல்லா? அப்ப நீங்க கோச் இல்ல!” என்று திரும்பக் கத்திவிட்டு, பியூலாவை நோக்கிக் கையசைத்தாள். பியூலா கால்காப்புகள் தடதடக்க வெளியே ஓடிவந்தாள். முன்கள ஆட்டக்காரி ஒருத்தி உள்ளே போனாள்.

கணிப்பலகையை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. 1.2 என்றது.

பின்னால் கோல்வாய் திறந்து கிடக்க, பதினோரு பேரும் ஏறினார்கள். ஒரு தடவை பந்து பறிபோய், காலியான கோலின் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. சவரிமுத்து தன்னையறியாமல் ‘ச்சே’ என்றார். யாருக்காகச் சொன்னோம் என்று பிறகுதான் யோசித்தார். அது தன் அணியின் கோலுக்குள்ளேயே போயிருக்க வேண்டும் என்று அவர் விரும்பியிருந்தார்.

அடுத்த நிமிடம் பெனால்டி கார்னர். உலகம்மையின் அடி கோல்கீப்பரின் காலுக்கடியில் நுழைந்தது. மூன்று, இரண்டு.

வாசலில் கூட்டம் நின்றது. தோளிலிருந்து இறக்கிய பைகள் படிக்கட்டில் தொப் தொப்பென்று விழுந்தன. 4.4. சங்கு ஊதிய பிறகு எண் மறுபடி மூன்றைத் தாண்டி ஏறி யாரும் பார்த்ததில்லை. சவரிமுத்து பெஞ்சின் விளிம்பை இறுகப் பற்றினார். ஏறாதே. மாதாவே, ஏற விடாதே.

ஒரே ஒரு நொடி மிச்சம். கோலுக்குள் போய்க்கொண்டிருந்த பந்தை நெதர்லாந்துத் தடுப்பாட்டக்காரியின் கால் நிறுத்தியது. விசில். பெனால்டி ஸ்ட்ரோக்: கோல்கீப்பர் மட்டும் எதிரே நிற்க, புள்ளியிலிருந்து ஒரே ஒரு தள்ளு.

71.0.

உலகம்மை பந்தின் முன்னால் வந்து நின்றாள். மூச்சை இழுத்துக்கொண்டு பெஞ்சைப் பார்த்தாள். எல்லாரும் குதித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா மட்டும் குதிக்கவில்லை. அவர் முகத்தை அவள் இதற்கு முன் ஒரே ஒரு தடவை அப்படிப் பார்த்திருக்கிறாள், மருத்துவமனை வராந்தாவில். இந்தப் பந்து உள்ளே போனால் அப்பாவின் அந்த 2.7 என்ன ஆகும் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

விசில் ஒலித்தது. அவள் தள்ளினாள். பந்து வலது கம்பத்துக்கு ஒரு முழம் வெளியே போனது.

0.0. கணிப்பு பொய்க்கவில்லை.

‘ஐயோ’ என்ற பெருமூச்சோடு கூட்டம் கலைந்தது. சவரிமுத்து மைதானத்துக்குள் நடந்தார். ஏழு வயதிலிருந்து அவளுக்கு ஸ்ட்ரோக் அடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். அவள் ஸ்ட்ரோக் வெளியே போய் அவர் பார்த்ததே இல்லை. கோலுக்குப் பின்னால் கிடந்த பந்தை எடுத்துக்கொண்டு வந்தார்.

“வேணும்னேதான வெளிய அடிச்ச?”

“இல்லப்பா. வழுக்கிருச்சு.”

“ஏட்டி.”

அவள் தரையைப் பார்த்தாள். “விடுங்கப்பா. எண்ணு சரியாத்தான சொல்லிருக்கு. வாங்க, வீட்டுக்குப் போவோம்.”

சவரிமுத்து குனிந்து, பந்தைப் புள்ளியில் வைத்தார். கவசத்தைக் கழற்றிக்கொண்டிருந்த எதிரணி கோல்கீப்பரைப் பார்த்துக் கைகூப்பினார். அந்தப் பெண் ஒரு நொடி தயங்கி, கவசத்தை மறுபடி மாட்டிக்கொண்டு கோட்டில் நின்றாள்.

“அடி.”

“வேண்டாம்பா.”

“நான் பாக்கணும்.”

“பாத்துட்டு என்னப்பா செய்வீங்க?”

அவர் விலகி நின்றார். உலகம்மை முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டாள்.

பந்து கோலின் இடது மூலையில், பின்பலகையில் போய் மோதியது. காலியான மைதானம் முழுக்க அந்தச் சத்தம் கேட்டது. கோல்கீப்பர் பாய்ந்துதான் இருந்தாள்; எட்டவில்லை.

சவரிமுத்து கண்ணை மூடவில்லை. அந்த மூலையையே பார்த்தார்.

“உங்கம்மைக்கு நான் ஒரு நாளுகூடக் குடுக்கலியேட்டி” என்றார்.

உலகம்மை மட்டையைக் கீழே போட்டுவிட்டு, அவர் சரிவதற்குள் பிடித்துக்கொண்டாள்.