பச்சைக் கண் சுறாவும் நெட்டையனும்

"ஐயோ... கத்தி வைக்காதீங்க! அது வயித்துல குட்டி இருக்கு!"

மழையையும் மீறி மீன் ஏலக் கூடமே திரும்பிப் பார்த்தது. ஈரத் தரையில் கிடந்த சுறாவை மறித்து, இரண்டு கைகளையும் விரித்து உட்கார்ந்திருந்தாள் அவள்.

கத்தியோடு குனிந்திருந்தவன் நிமிர்ந்தான்... நிமிர்ந்துகொண்டே போனான். ஆழ்கடல் படகு ஓட்டுபவன். துறைமுகத்தில் 'நெட்டையன்' என்றால்தான் தெரியும்.

"ஏங்க, செத்த மீனுக்குப் பிரசவம் பார்க்கிற டாக்டரா நீங்க?"

"சிரிக்காதீங்க. ஆழ்கடல் சுறாவை ஆராய்ச்சி பண்றவ நான். அறுக்கிறதுக்கு முன்னாடி இதை அளக்கணும். ரெண்டு வருஷம் சுமந்து ஒண்ணு, மிஞ்சிப்போனா ரெண்டு குட்டிதான் போடும். நீங்க ஒரே நாள்ல ஆறு சுறாவைத் தூக்கிட்டு வந்திருக்கீங்க..."

"ரெண்டு வருஷமா?" அவன் சிரிப்பு நின்றது. மற்ற மீன்களைப் போல ஆயிரக்கணக்கில் முட்டையிடும் என்றல்லவா நினைத்திருந்தான்! சுறாவின் பெரிய பச்சைக் கண்களைப் பார்த்தான். பிறகு அவள் கண்களை... நனைந்திருந்தன. மழையா, வேறு ஏதாவதா?

கத்தியைக் கீழே வைத்தான். "டேப்போட ஒரு முனையைக் கொடுங்க. நான் பிடிக்கிறேன்."

அதற்குள் படகின் சொந்தக்காரர் வந்துவிட்டார். அவன் அப்பா.

"நாற்பது வருஷமா கடல்ல கிடக்கிறோம். நாற்காலியில உட்கார்ந்து படிச்சவங்க எங்களுக்குப் பாடம் எடுக்க வந்துட்டாங்க!"

"சுறா ஈரல் எண்ணெய்க்காக இப்படியே வாரிட்டிருந்தீங்கன்னா, பிடிக்கிறதுக்கு ஒண்ணுகூட மிஞ்சாதுங்க ஐயா."

"என் படகுப் பக்கமே வராதேம்மா!"

"கூப்பிட்டாலும் வரமாட்டேன்!"

வீறாப்பாகச் சொல்லிவிட்டு நடந்தாள். டேப்பைப் பிடித்தபடி அவன் வாயே திறக்காமல் நின்றதுதான் அவளை அதிகம் சுட்டது.

மூன்று வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. ஆனால் உயரமாக யாராவது தெருவில் போனால் போதும்... திரும்பிப் பார்த்தாள். 'சீ, வெட்கங்கெட்ட மனசே! ஒரு வார்த்தை பேசத் துணியாத ஆளுக்கா இப்படி அடிச்சுக்கிறே?'

இருபத்திரண்டாம் நாள் மத்தியானம், அவள் வேலை பார்க்கும் மூன்றாவது மாடி ஆய்வகத்தின் வாசலில் சொட்டச் சொட்ட நனைந்து நின்றான் அவன்.

"பதினோரு சுறா மாட்டுச்சு. ஒண்ணையும் படகுல ஏத்தலை. தண்ணியிலேயே தூண்டில் கயித்தை அறுத்து விட்டாச்சு. எத்தனை பிழைச்சதோ தெரியலை... அதனால தூண்டிலையே இனி அவ்வளவு ஆழத்துல இறக்குறதில்லைன்னு முடிவு பண்ணிட்டோம்."

"உங்கப்பா சம்மதிச்சாரா?"

"அறுத்து விட்டதே அவர்தான்." அவன் குரல் தணிந்தது. "அன்னிக்கு நீங்க போனதும் அந்தச் சுறாவை அவரே அறுத்தார். உள்ளே முழங்கை நீளத்துக்கு ஒரே ஒரு குட்டி... அம்மா போனப்புறம் ஒத்தப் பிள்ளையா என்னை வளர்த்தவருங்க அவர். இப்ப உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னார். கீழே வண்டியில இருக்கார். மேலே வரக் கூச்சமாம்!"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"இதைப் போன்லேயே சொல்லியிருக்கலாமே? எதுக்கு மழையில நனைஞ்சு மூணு மாடி ஏறினீங்க?"

"போன்ல உங்க முகம் தெரியாதே..." சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தான். அவ்வளவு உயரமும் ஒரு நொடியில் குறுகியது. "அன்னிக்கு வாயடைச்சு நின்னுட்டேன். தப்புங்க. இன்னைக்காவது சொல்லிடறேன்... எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு."

கீழே ஹாரன் அலறியது. ஒரு தடவை... இரண்டு தடவை...

அவள் ஜன்னலைத் திறந்து, முகத்தில் மழை அடிக்க எட்டிப் பார்த்தாள்.

"மாமா... அஞ்சு நிமிஷம்! ரெண்டு பேரும் வர்றோம்!"

ஹாரன் சட்டென்று அடங்கியது.

"இ... இப்ப அவரை என்னன்னு கூப்பிட்டீங்க?"

அவள் திரும்பினாள். கன்னமெல்லாம் மழைத்துளி, கண்ணெல்லாம் குறும்பு.

"காது கேட்கலையா? எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்குன்னு சொன்னேன்!"