நாலு மாதம்... மூன்று பிரசவம்

"நீதவான் என்ன கேட்டாலும் ஆமாங்க ஐயான்னு சொல்லணும். வேற வார்த்தை வரக்கூடாது."

"புள்ள அழுதா என்ன பண்றதுண்ணே?"

"அழுவாது. இப்பத்தான் பால் குடிச்சிச்சு."

"யாரு குடுத்தா?"

"அது ஒனக்கெதுக்கு? புள்ளயப் புடி. பெத்தவ மாதிரி புடி."

1986. ஒரு கோர்ட்டு வாசலில், வேனுக்குள் நடந்த பேச்சு.

கேட்டவள் ஜீவராணி. வயது பத்தொன்பது. கல்யாணம் ஆகாதவள். இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள்.

சொன்னவன் அழகுமுத்து. வேனின் சொந்தக்காரன்.

இறங்கும்போது ஜீவராணி பின் சீட்டைப் பார்த்துவிட்டாள். அங்கே ஒரு பெண் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவளுடைய ரவிக்கையின் முன்பக்கம் நனைந்திருந்தது.

அந்த முகத்தை ஜீவராணி மறக்கவே இல்லை.

முப்பத்தெட்டு வருடம் கழித்து...

போன் அடித்தது.

"ஜீவா, நான் முதலாளி பேசுறேன்."

ஜீவராணி அடுப்பிலிருந்த ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். அழகுமுத்துவின் குரல். இப்போது அவருக்குத் தலவாக்கலையில் மூன்று கடைகள். கோயில் திருவிழாவில் முதல் மாலை.

"சொல்லுங்க முதலாளி."

"ஹாலந்துல இருந்து ஒரு பொண்ணு வந்திருக்கு. மாரிட்னு பேரு. அந்தக் காலத்துல தத்துக் குடுத்த புள்ள. அதோட பேப்பர்ல அம்மா நீ, ஏஜன்ட் நான். கொத்மலையில தங்கியிருக்கு. நாளைக்கு வந்து கட்டிப் புடிச்சு, ரெண்டு சொட்டுக் கண்ணீர் விடு. முடிஞ்சிரும்."

"நான் அம்மா இல்லையே முதலாளி."

"கோர்ட்டுல இருந்தியே?"

"இருந்தேன். பத்து நிமிசம்."

"அதே பத்து நிமிசம் இன்னொரு தடவை இரு. ஒன் மகன் நிரஞ்சன் என் லொறிதான் ஓட்டுறான். ஞாபகம் இருக்கட்டும்."

தொடர்பு அறுந்தது.

ரொட்டி கருகிவிட்டது. ஜீவராணி கரியைச் சுரண்டிவிட்டு அதையே தின்றாள். பிறகு மகனிடம் பேசினாள். அதன் பிறகு பொல்பிட்டிய என்ற ஊருக்கு ஒரு அழைப்பு எடுத்தாள்.

மறுநாள் காலை, பத்து மணி.

பூண்டுலோயா பாதையில் அழகுமுத்துவின் கார் ஒரு வளைவில் நின்றது.

"எறங்கு."

இறங்கினாள். கீழே கொத்மலை நீர்த்தேக்கம், பனிமூட்டத்துக்குள் ஈயத் தகடு மாதிரிக் கிடந்தது.

"எரநூறு அடி இருக்கும். போன மழையில ஒருத்தன் வழுக்கி விழுந்தானாம். மூணு நாளைக்கப்புறம்தான் மெதந்தானாம்."

ஜீவராணி அவருடைய காலைப் பார்த்தாள். பளபளக்கும் தோல் சப்பாத்து.

"நாப்பது வருசம் கொழுந்துக் கூடையோட சரிவுல எறங்குனவ நான். எனக்கு வழுக்காது. அந்தச் சப்பாத்தோட நீங்கதான் ஓரத்துல நிக்கக்கூடாது."

அவர் தன்னை அறியாமல் இரண்டடி பின்னால் வந்தார்.

"வாய் கூடிப்போச்சு. ஒண்ணு தெரிஞ்சுக்க ஜீவா. உண்மையச் சொன்னா மாட்டறது நீ. கையெழுத்து ஒன்னுது. பெத்தவ வீரம்மா செத்து முப்பது வருசமாச்சு. என்னைக் காட்டிக் குடுக்க எவ இருக்கா?"

ஜீவராணி காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கொத்மலை விடுதியின் கூடத்தில் மாரிட் காத்திருந்தாள். தோட்டத்துப் பெண்ணின் முகம். நீலக் கம்பளிச் சட்டை. பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் ரிஃப்னா, ஹட்டனில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகள். அடுத்த மேசையில் யாரோ ஒரு சேலைக்காரப் பெண் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

மாரிட் எழுந்தாள். பாடமாக்கி வைத்திருந்த ஒரே சொல்லைச் சொன்னாள்.

"அம்மா?"

"போ, கட்டிப் புடி..." அழகுமுத்து முதுகில் தள்ளினார்.

ஜீவராணி நகரவில்லை.

"நான் ஒங்க அம்மா இல்ல கண்ணு. அம்மா மாதிரிக் கோர்ட்டுல நின்னவ. என்னைக் கூட்டிட்டுப் போனது இவருதான்."

ரிஃப்னா மொழிபெயர்த்தாள். மாரிட் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

அழகுமுத்து சிரித்தார்.

"பாவம், வயசாயிருச்சு. மறதி நோய்."

"அப்ப இதையும் மறந்திருப்பாங்க முதலாளி." ரிஃப்னா ஒரு ஃபைலைத் திறந்தாள். "மாரிட் பொறந்தது எண்பத்தாறு மார்ச். மே மாசம் பொறந்த இன்னொருத்தர் ஹாலந்துல இருக்கார். ஜூன்ல பொறந்த ஒருத்தங்களும் அங்கதான். மூணு பேப்பர்லயும் ஒரே அம்மா. ஒரே லயம், அதே வீட்டு வரிசை. அதுல ஒரே காம்பரா நம்பர்."

மூன்று குழந்தைகள். தாய்க்கு ஒரே பெயர். தோட்டத்துப் பெண்தானே, யார் கவனிக்கப் போகிறார்கள் என்ற சோம்பல்!

ஜீவராணி ஃபைலை எட்டிப் பார்த்தாள்.

"நாலு மாசத்துல மூணு பிரசவமா? எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே முதலாளி. கொழுந்துக்குப் போகாம லீவு எடுத்திருப்பேன்."

அழகுமுத்துவின் நெற்றி வியர்த்தது. அந்தக் குளிரிலும்.

"ஒன் மகன் வேலை..."

"காலைலயே லொறிச் சாவியை ஒங்க கடையில குடுத்துட்டான்."

"இவ கோர்ட்டுலயே பொய் சொன்னவ. இவ பேச்சு செல்லுமா? பெத்தவ எங்க? அவளைக் கூட்டிட்டு வந்து சொல்லச் சொல்லு பார்ப்போம்."

"கூட்டிட்டு வந்திருக்கேன்."

சமையல் நடக்கும் குசினியின் கதவு திறந்தது.

நரைத்த தலை. பச்சைச் சேலை. கையில் ஒரு துணிப்பை. மெலிந்த பெண்ணொருத்தி வந்து நின்றாள். அன்று வேனின் பின் சீட்டில் இருந்த அதே முகம்.

அழகுமுத்து பின்னால் இருந்த நாற்காலியில் சாய்ந்தார்.

"வீரம்மா... நீ செத்துட்டியே..."

"யாரு சொன்னா?"

அவருடைய விரல் ஜீவராணியின் பக்கம் திரும்பியது.

"நான்தான் சொன்னேன்." ஜீவராணி நிதானமாகப் பேசினாள். "இவ புள்ளயக் கேட்டுப் பொலிசுக்குப் போகப் போறான்னு தெரிஞ்சதும் ஆள் அனுப்பித் தேடுனீங்கள்ல? அன்னைக்கே ஒங்க கடைக்கு வந்து, அவ செத்துட்டான்னு அழுதேன். கருமாதிக்குன்னு ஒரு மூட்டை அரிசி குடுத்தீங்க. பொல்பிட்டியவுல இவ வீட்டுல வச்சு ரெண்டு பேரும் பொங்கிச் சாப்பிட்டோம். நல்ல அரிசி முதலாளி."

வீரம்மா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. மாரிட்டை மட்டும் பார்த்தாள்.

"ஹொஸ்டல்ல வச்சு வளக்கிறேன், அஞ்சு வயசுல திருப்பித் தர்றேன்னாரு. அஞ்சு வயசுல போய்க் கேட்டேன். காய்ச்சல்ல போயிருச்சுன்னாரு. பொதைச்ச எடத்தையாவது காட்டுங்கன்னேன். காட்டல."

ரிஃப்னா பாதி மொழிபெயர்த்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, மீதியைச் சொன்னாள்.

மாரிட் பையிலிருந்து ஒரு சிறு கண்ணாடிக் குழாயை எடுத்தாள். டிஎன்ஏ பரிசோதனை.

"ஊசியா?" என்றாள் வீரம்மா.

"இல்லம்மா. பஞ்சுதான். வாயத் தொறந்தாப் போதும்."

"தொறக்குறேன். இத்தனை வருசம் இவருதான் மூடி வச்சிருந்தாரு."

மாரிட் பஞ்சுக் குச்சியோடு கையை நீட்டினாள். வீரம்மா அந்த மணிக்கட்டைப் பிடித்துத் தானே வாய்க்குள் நகர்த்தினாள். எடுத்து முடிந்த பிறகும் மணிக்கட்டை விடவில்லை.

அழகுமுத்து வாசல் பக்கம் நழுவினார்.

அடுத்த மேசைப் பெண் கோப்பையை வைத்துவிட்டு, குறுக்கே வந்து நின்றாள்.

"இன்ஸ்பெக்டர் கிருஷாந்தி. மாரிட் முந்தாநாளே பொலிசுல புகார் என்ட்ரி போட்டுட்டாங்க. பேப்பர்ல பேரு இருந்த ஏஜன்டைப் பார்க்கத்தான் நான் வந்தேன். நீங்களே கார்ல வந்துட்டீங்க."

"மிஸ்... நான் ஹார்ட் பேஷன்ட்..."

"ஆஸ்பத்திரி வழியாவே போவோம்."

அவள் ஜீவராணியிடம் திரும்பினாள்.

"நீங்க வீட்டுக்குப் போங்கம்மா. நாளைக்கு வந்து வாக்குமூலம் குடுத்தாப் போதும். நீங்க சாட்சி."

"போக மாட்டேன் மிஸ். ஒண்ணு கேக்கணும். முப்பத்தெட்டு வருசமாத் தொண்டையில நிக்குது."

"கேளுங்க."

"என்னையும் புடிச்சுட்டுப் போங்க."

ஜீவராணி வலது கையை நீட்டினாள்.

"இவரு கூப்பிட்டாரு, நான் போனேன். கையெழுத்துப் போட்டது இந்தக் கைதான். எத்தனை வருசம் போட்டாலும் பரவாயில்ல. ஒரு நீதவான் முன்னால நின்னு, அது பொய்னு என் வாயால சொல்லணும். மன்னிச்சு வீட்டுக்கு அனுப்பிறாதீங்க."

கிருஷாந்தி வாசலைக் காட்டினாள்.

"சரி. ஜீப்புல ஏறுங்க."

"முன் சீட்டு எனக்கு மிஸ். வளைவுல எனக்கு வாந்தி வரும். பின்னால முதலாளி பக்கத்துல ஒக்காந்தா... அவரோட வெள்ளைச் சட்டை பாவம்."