யார் பக்கமும் இல்லாதவள்

மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து முதலாளிகளான அண்ணனும் தங்கையும் சேர்ந்து சிரிக்கும் சத்தம் கேட்டபோது கதைக்காரிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. எலியும் பூனையுமாக இருந்தவர்கள். அப்பா விட்டுப்போன கம்பெனியை நடுவே கோடு போட்டுப் பிரிக்காத குறையாக, மழை தொடங்கிய நாளிலிருந்து முகம் கொடுத்துப் பேசாதவர்கள். இப்போது அந்த அறைக்குள் இரண்டு சிரிப்பும் ஒன்றோடொன்று பின்னி, தாழ்ந்து, சட்டென்று நின்றன. வெளியே ஒருத்தி காது கொடுத்துக் கேட்பது தெரிந்துவிட்டதைப் போல.

அது விளையாட்டுகள் செய்யும் கம்பெனி. படத்தைவிட எழுத்து அதிகமான விளையாட்டுகள்: ஒரு பக்கம் படிக்க வேண்டும், கீழே வரும் பதில்களில் ஒன்றைத் தொட வேண்டும், தொட்டதற்கேற்பக் கதை திரும்பும். அந்தக் கதைகளை எழுதுவது அவள் வேலை. அதனால்தான் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் கதைக்காரி. இப்போது எழுதிக்கொண்டிருந்தது இரத்தம் குடிப்பவர்கள் ஆளும் ஒரு நகரத்தின் கதை. கோட்டை வீடும் ஆற்று வீடும் அந்த நகரத்துக்காக அடித்துக்கொள்கின்றன. புதிதாக வந்து சேர்ந்த ஒருத்தி, எந்த வீட்டுக்கு விசுவாசம் என்று சொல்லியாக வேண்டும். விருந்தில் யார் பக்கத்தில் உட்காருவது, யாருடைய ரகசியத்தை யாரிடம் விற்பது, யாருடைய கழுத்தை யாருக்குக் காட்டிக்கொடுப்பது, எல்லாமே அரசியல். அதில் பாதி வசனத்தை அலுவலகச் சண்டையைப் பார்த்தே எழுதினாள் என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அலுவலகத்திலும் எல்லோரும் பக்கம் சேர்ந்தாகிவிட்டது. ஜன்னலோரம் அண்ணன் ஆட்கள், மாடிப்படியோரம் தங்கை ஆட்கள். நடுவில் அவள் மேசை மட்டும் தீவு மாதிரி. "யாரையும் பகைச்சுக்காத, நமக்கெதுக்கு வம்பு" என்பான் கணவன். அவள் குணமும் அதுதான். "நீ மதில்மேல் பூனைடி" என்று கேலி செய்வாள் படம் வரையும் ஒல்லி, அவளுக்கு அங்கே இருந்த ஒரே தோழி. அந்த ஒல்லியும் போன வாரம் அண்ணன் பக்கம் போய்விட்டாள். அதிலிருந்து அவள் கழுத்தைவிட்டுச் சால்வை இறங்கவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதில்லை. கேட்டால், "பசிக்கலடி" என்று சிரிப்பாள். உதடு மட்டும்தான் சிரிக்கும்.

அன்று மழை மத்தியானமே வெளிச்சத்தைத் தின்றுவிட்டது. விளக்குப் போடும் நேரம் வந்தும் யாரும் எழுந்து போடவில்லை. கணினித் திரைகளின் நீல ஒளியில் தலைகள் குனிந்திருந்தன, விசைப்பலகைகளின் சத்தம் ஒவ்வொன்றாக ஓய்ந்துகொண்டே வந்தது, ஈரக் குடைகளின் புழுங்கல் வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை, நெடுநாள் பூட்டிக் கிடந்த வீட்டின் துருப்பிடித்த குழாயைத் திறந்தால் முதலில் வருமே, அந்த வாசனை, மெல்லக் காலடியில் பரவி மேலேறியது. அவள் நிமிர்ந்தாள். யாரும் தட்டச்சு செய்யவில்லை. யாரும் நாற்காலியை நகர்த்தவில்லை. எல்லோரும் திரையைப் பார்த்தபடி இருந்தார்கள், ஆனால் யார் கண்ணும் அசையவில்லை.

தோளில் ஒரு விரல். ஒல்லி.

"உன்னை உள்ள கூப்பிடறாங்க. ரெண்டு பேரும்."

"ரெண்டு பேருமா?"

ஒல்லி அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னாள்: "எத்தனை தடவை சொன்னேன். ஏதாவது ஒரு பக்கம் போயிடுன்னு. ஏண்டி கேக்கல?"

உள்ளே மேசை விளக்கு மட்டும் எரிந்தது. குளிர் எலும்பில் இறங்கியது. அண்ணனும் தங்கையும் ஒரே சோபாவில், சின்னப் பிள்ளைகள் மாதிரி முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். எதிரே திரையில் அவள் எழுதிய பக்கம்.

"இங்க மூணாவதா ஒரு பதில் வெச்சிருக்கே," என்றாள் தங்கை. "'நான் யார் பக்கமும் இல்லை.' தொட்டா ஒண்ணுமே வரலையே?"

"இன்னும் எழுதலக்கா. விடியறதுக்குள்ள அவ ஊரைவிட்டே போயிடற மாதிரி யோசிச்சிருக்கேன்."

"விடுவாங்களா?" அண்ணன் அன்பாகத்தான் கேட்டான். "கோட்டை வீட்டு ஆள் மேல ஆத்து வீடு கை வெச்சா சண்டை வரும். அவங்க ஆளை நாங்க தொட்டாலும் சண்டை வரும்."

நாங்க என்றான்.

"யாரோட ஆளும் இல்லாதவளைத் தொட்டா?" என்று அவனே மேலும் கேட்டான்.

"யாருக்கும் சொந்தமில்லாதது எல்லாருக்கும் பொதுண்ணா," என்றாள் தங்கை. இருவரும் சிரித்தார்கள். அதே சிரிப்பு.

கதையைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று கதைக்காரியின் ஒரு மனம் சொன்னது. கால்கள் அதை நம்பவில்லை, தாமாகப் பின்வாங்கின.

"அண்ணா, நான் உங்க பக்கம்தான். இவ்வளவு நாள் வாய்விட்டுச் சொல்லல, அவ்வளவுதான்."

தங்கைக்குக் கோபம் வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நேத்து சொல்லியிருந்தா ஆகியிருக்கும்," என்றான் அண்ணன். "இன்னைக்கு வேணாம்மா. எவ்வளவோ நாள் கழிச்சு இப்பத்தான் ராசியாகியிருக்கோம். கெடுத்துடாதே."

கைப்பேசி அதிர்ந்தது. கணவன்.

"கீழ நிக்கிறேன். மழை விடற மாதிரி தெரியல. குடை எடுத்துட்டு மேல வரவா?"

அவள் அண்ணனையும் தங்கையையும் பார்த்தாள். இருவர் தலையும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. கைப்பேசியிலிருந்து கசியும் குரலைக் கேட்டபடி. தங்கையின் நாக்கு மெதுவாக உதட்டைத் தடவியது.

"வேணாங்க," என்றாள். குரல் நடுங்காமல் இருக்க நகத்தால் உள்ளங்கையை அழுத்திக்கொண்டாள். "மேல வராதீங்க. வேலை முடியல. நீங்க வீட்டுக்குப் போங்க."

"அப்ப சாப்பாடு?"

"நீங்க சாப்பிட்டுடுங்க. எனக்காகக் காத்திருக்காதீங்க."

முணுமுணுத்துக்கொண்டே வைத்தான். கீழே வண்டி கிளம்பும் சத்தம். தெருமுனை வரை. பிறகு மழை மட்டும்.

"நல்ல பொண்ணு," என்றாள் தங்கை. எழுந்தாள். கண்ணாடிச் சுவரின் திரைச்சீலைக் கயிற்றைப் பிடித்து இழுத்தாள்.

சீலை ஏறியது.

எல்லோரும் நின்றிருந்தார்கள். அண்ணன் ஆட்கள். தங்கை ஆட்கள். கலந்து. தோளோடு தோள். முன்வரிசையில் ஒல்லி, கன்னம் முழுக்கக் கண்ணீர்.

ஆனாலும் அவள் உதவிக்கு நகரவில்லை.

கதைக்காரி கண்ணாடியில் கையை வைத்தாள். "ஒல்லி," என்றாள். சத்தம் வரவில்லை.

பின்னால் காலடி. இரண்டு ஜோடி. அவசரமே இல்லாமல்.

வலது மணிக்கட்டில் ஒரு கை. இடது மணிக்கட்டில் ஒரு கை. இரண்டும் ஐஸ்.

"முதல்ல நீண்ணா."

"சேச்சே. நீதானே சின்னவ. நீ முதல்ல."

வெளியே அத்தனை பேரும் நெருங்கி வந்தார்கள். முகங்கள் கண்ணாடியில் பதிந்தன. வாய்கள் திறந்தன. அவள் பக்கம் அவள் மூச்சுப் பட்டு, கண்ணாடி வெள்ளையாய்ப் பூத்தது. அழிந்தது. மறுபடி பூத்தது.

அந்தப் பக்கம் இத்தனை வாய்கள். திறந்தபடி. கண்ணாடியை ஒட்டியபடி.

ஒரு பொட்டு ஆவிகூடப் படியவில்லை.