வாசகம் இல்லாத முத்திரை

"இந்தக் கையெழுத்தை நான் போடலை. ஆனா முத்திரை உங்களுது" என்று விசாலாக்ஷி காகிதத்தை மேஜைமேல் வைத்தார்.

நோட்டரி வக்கீல் ஸ்வர்ணலதா அதைக் கையிலெடுத்தாள். மயிலாப்பூரில் இருபத்திரண்டு வருஷமாகக் கையெழுத்துப் போட்டுப் போட்டு அலுத்துப்போனவள். யார் முகமும் நினைவில் நிற்பதில்லை.

ராஜா அண்ணாமலைபுரத்தில் விசாலாக்ஷி குடியிருக்கும் அடுக்குமாடியை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். அவருக்கு இஷ்டமில்லை. ஆனால் அவர் சம்மதித்ததாகச் சொல்கிறது இந்த இரண்டு பக்கக் கடிதம். திங்கட்கிழமை இடிக்க ஆள் வந்துவிடும்.

இரண்டாம் பக்கத்தில் விசாலாக்ஷி பேரில் மின்னணுக் கையெழுத்து: பதினான்காம் தேதி, காலை 10.42. கீழே முத்திரை, ஸ்வர்ணலதாவின் கையெழுத்து, அவள் கைப்பட எழுதிய தேதி பன்னிரண்டு. 'என் முன்னிலையில் கையெழுத்திட்டார்' என்ற வாசகத்தைத்தான் காணோம்.

"ரெண்டு நாள் முன்னாடியே சீலா? இன்னா மேடம் இது!" குமாஸ்தா கரீமுல்லா துள்ளி எழுந்தார். ஐம்பத்தைந்து வயதிலும் துப்பு என்றால் அவருக்குப் பாயசம். "சீலை எவனோ சுட்டுட்டான்!"

"உட்காருங்க பாய். சீல் பக்கத்துல இருக்கிற கையெழுத்து என்னுதுதான்." ஸ்வர்ணலதா தாளை வெளிச்சத்தில் பிடித்தாள். "முதல் பக்கத்துல ஒரு பின் குத்தின தடம். ரெண்டாவதுல ரெண்டு தடம். அப்போ இது வேற கட்டுல இருந்து பிரிச்ச தாள். சீல் மசிக்கு மேல அச்செழுத்து ஏறியிருக்கு. வெத்துத் தாள்ல சீல் வாங்கி, அப்புறம் அச்சடிச்சிருக்காங்க."

"வெத்துத் தாள்ல நாம ஏன் மேடம் குத்தப்போறோம்?"

"நகல் கட்டுக்கு அடியில சொருகியிருந்தா? நீங்க குத்துவீங்க, நான் பார்க்காம கிறுக்குவேன். அதுதானே நம்ம லட்சணம்." சொல்லும்போதே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

கரீமுல்லா பதிவேட்டில் பன்னிரண்டாம் தேதியைத் தேடினார். விரல் ஓரிடத்தில் நின்றது. ஸ்வர்ணலதா எட்டிப் படித்தாள்.

"உங்க வீட்டுக் கிரயப் பத்திர நகல், ஏழு பக்கம்."

"அது ஆறு பக்கந்தானே?" என்றார் விசாலாக்ஷி.

"அப்போ ஏழாவது தாள் இதுதான். பதினாலாம் தேதி காலையில எங்கம்மா இருந்தீங்க? இந்தக் கையெழுத்துக்கு உங்க போனுக்குத்தான் ஓடிபி வந்திருக்கும்."

"கண் ஆபரேஷன். மருந்து விட்டுக் கண்ணை மூடிண்டு படுத்திருந்தேன். போன் அவன்கிட்ட..." விசாலாக்ஷி நிறுத்தினார். "நகல் கொண்டுவந்தது யாரு?"

"உங்க பிள்ளை கல்யாணராமன்."

விசாலாக்ஷி மகனைப் போனில் கூப்பிட்டார்.

"ஆஸ்பத்திரியில பயமா இருக்குன்னேனேடா. என் கையைப் பிடிச்சிண்டு உட்கார்ந்திருந்தியே."

"ஆமாம்மா."

"இன்னொரு கையாலயா ஓடிபி அடிச்சே?"

"புதுக் கட்டடத்துல லிஃப்ட் வரும்மா... உனக்காகத்தான்..."

அவர் போனை அணைத்தார். "புகார் எழுதுங்கோ. வீட்டை இடிக்கப்படாது."

ஸ்வர்ணலதா எழுதினாள். ஏமாற்றியவர் என்ற இடத்தில் கல்யாணராமன் என்று போட்டுவிட்டுத் தயங்கினாள். "தகப்பனார் பேரும் வேணும்மா."

"அவர் பேரை இதுவரைக்கும் வாயால சொன்னதில்லை." விசாலாக்ஷி கையை நீட்டினார். "பேனாவை இப்படிக் குடுங்கோ."