தூசி படியாத பின்சீட்டு

ஆனி மாதத்துக் காற்று கம்பம் பள்ளத்தாக்கு வழியாக இறங்கித் தேனிக்குள் நுழைந்துவிட்டால், கடைவீதிப் பெண்களுக்குத் துடைப்பத்தைக் கீழே வைக்க நேரமிருக்காது. காலையில் கூட்டினால் மத்தியானம் தூசி, மத்தியானம் துடைத்தால் விளக்கு வைப்பதற்குள் தூசி. அரிசிப் பானைக்குள் தூசி, சாமி படத்துக்கு மேல் தூசி, தலையணையை உதறினால் தூசி. பொட்டிப்புரத்துக் காட்டுப் புழுதியில் வளர்ந்த பஞ்சம்மாளுக்கே அலுத்துப்போயிற்று. வீட்டுக் கூடமான பட்டாசாலையின் நடுவில் அவள் புருஷன் வைகுண்டராஜ் பிரித்துப் போட்டிருந்த பழைய மோட்டார் சைக்கிளின் மேலும் தூசிதான். டேங்கில் விரலால் பெயர் எழுதலாம். ஹேண்டில்பாரில், விளக்கில், மட்கார்டில், எங்கும் தூசி. பின்சீட்டில் மட்டும் இல்லை.

முதல் நாள், மகள் கௌமாரி ஏறி விளையாடியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். வீரபாண்டி ஆத்தாளுக்கு நேர்ந்து பெற்ற ஒரே பிள்ளை. இன்னும் பள்ளிக்கூடத்தில் சேர்க்காததால் பகல் முழுக்க அவள் ராஜ்ஜியம். மறுநாள் பிள்ளையை அடுப்படியிலேயே உட்கார வைத்துக்கொண்டு, சாயங்காலம் வந்து பார்த்தாள். வண்டி முழுக்கச் செம்மண் மாவு தூவியிருந்தது. பின்சீட்டு மட்டும் துடைத்த கறுப்பாக இருந்தது. பஞ்சம்மாள் மெல்லக் கையை வைத்தாள். இவ்வளவு நேரம் யாரோ உட்கார்ந்திருந்து அப்போதுதான் எழுந்து போனது போல, தோல் வெதுவெதுப்பாக இருந்தது. அந்த இடத்தில் வெயில் விழுவதே இல்லை.

வீட்டின் முன்பக்கம் வைகுண்டராஜின் இரும்புச் சாமான் கடை. அந்தச் சீமை வண்டியை அவன் வாங்கியது முதல் கல்யாணத்தின்போது. முதல் பெண்டாட்டி கஸ்தூரி அறுபத்தொன்றில் செத்துப்போனதும், கண்ணில் படக்கூடாது என்று வண்டியைத் தள்ளிவிட்டான். பதின்மூன்று வருஷம் கழித்து, குமுளிக்குச் சரக்குப் போடப் போன இடத்தில், ஓர் ஏலத்தோட்டத்துக் கொட்டகையில் அதைப் பார்த்திருக்கிறான். லாரியில் ஏற்றிவந்து வாசலில் இறக்கியபோது அவன் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தைப் பஞ்சம்மாள் தன் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. அவளுக்கு வயிறு எரிந்தது. உயிரோடு இருக்கிறவள் என்றால் சண்டை போடலாம், செத்தவளோடு என்ன செய்ய?

"ஓடுனாப் போதும்னு இதை நான் கொண்டு வரல," என்றான் அவன். "அறுபத்தொண்ணுல எப்படி இருந்துச்சோ அப்படியே நிக்கணும். ஒத்தைப் போல்ட்டு டூப்ளிகேட்டா இருந்தாலும் அது நம்ம வண்டி இல்ல."

சொன்னபடியே செய்தான். கடையைக் கணக்குப்பிள்ளையிடம் விட்டுவிட்டு மதுரைப் பழைய இரும்புக் கடைகளில் குப்பையைக் கிளறினான். கோயம்புத்தூரில் ஒரு விளக்குக் கண்ணாடி, கொச்சியில் ஒரு ஸ்பீடாமீட்டர் என்று, அந்த வருஷத்துச் சாமானாகத் தேடித் தேடிக் கொண்டுவந்து மாட்டினான். இடையில் வண்டியை வைத்திருந்தவர்கள் சேர்த்த சாமானையெல்லாம் கழற்றி, மூலையில் கிடந்த கோணிச்சாக்கில் போட்டான். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பான். பழைய துணியில் கையைத் துடைப்பான். "இது நம்ம வண்டியோடது இல்ல," என்று சொல்லிச் சாக்கின் வாயை விரிப்பான். உள்ளே இரும்பு இரும்பின் மேல் விழும்.

முதலில் சாக்குக்குள் போனது சேலைக் கம்பி. பின்னால் உட்காருகிற பெண்களின் சேலை சக்கரத்துக்குள் போகாமல் இருக்கப் பக்கவாட்டில் மாட்டுகிற கம்பித் தடுப்பு அது.

"அதை மட்டுமாச்சும் விட்டு வைங்க. நாளைக்கு நானும் புள்ளையும் ஏற வேண்டாமா?" என்றாள் பஞ்சம்மாள்.

"அப்ப இது இல்ல," என்றான். அவள் கேட்டதற்கு அது பதிலே இல்லை.

அடுத்த வீட்டு சோணையம்மாளிடம் இதைச் சொல்லிப் புலம்பியபோதுதான் கதை தெரிந்தது. ஊருக்கே தெரிந்த கதை, இவளுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

"கஸ்தூரிக்கு அப்ப ஏழு மாசம், பஞ்சு. குமுளியிலருந்து மலை எறங்கி வந்துக்கிட்டு இருந்திருக்காக. முந்தானை சக்கரத்துல சிக்கி அவளை இழுத்துப் போட்டுருச்சு. காத்துச் சத்தத்துல ஒம் புருசனுக்குத் தெரியல. பேசிக்கிட்டே வந்தாகளாம். லோயர் கேம்ப் பாலத்துக்கிட்ட நிறுத்தி, டீ குடிப்போம் எறங்குன்னு திரும்பிப் பாத்திருக்காக. பின்சீட்டுல ஆளில்ல. சக்கரத்துல பாதிச் சேலை மட்டும் சுத்திக் கெடந்துச்சாம்."

"சேலைக் கம்பி இருந்திருந்தா?" என்றாள் பஞ்சம்மாள்.

"இருந்திருந்தா நீ எதுக்குத்தா இங்கன வந்திருக்கப் போற?" என்று சொல்லிவிட்டு, சொன்னது தப்போ என்று சோணையம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அந்த வாரமே அவன் பின்சக்கரத்தைப் பிரித்தான். உள்ளே அச்சைச் சுற்றிக் கிரீஸில் ஊறி, கறுத்து, கல்லாக இறுகிப்போன ஒரு சுருள் இருந்தது. அவன் அதை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டான். விரலால் பிரித்துப் பிரித்து அலசினான். கறுப்புப் போய் மஞ்சள் தெரிந்தது. மஞ்சளுக்குள் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளி. மதுரைச் சுங்குடி. இப்போது அழுவான், அழுது தீர்த்துவிட்டு எல்லாவற்றையும் தூக்கி எறிவான் என்று பஞ்சம்மாள் காத்திருந்தாள். அவன் அதைப் பிழிந்து, கொடியில் அவளுடைய சேலைக்குப் பக்கத்தில் உலர்த்தினான். உலர்ந்ததும் எடுத்துப்போய், இருந்த இடத்திலேயே அச்சில் இறுக்கமாகச் சுற்றினான்.

"இதும் ஒரிஜினல்தான்," என்றான்.

அதற்குப் பிறகு வீடு அவளை ஏற்கவில்லை. அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது, வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை. மத்தியானம் கடைவீதி அடங்கி, காற்று மட்டும் ஓட்டுச் சந்துகளில் ஊதிக்கொண்டிருக்கும் நேரத்தில், பட்டாசாலையில் நடக்கிற சத்தம் கேட்கும். கனத்த நடை, அகட்டி வைக்கிற பாதம். இரண்டு எட்டுக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கும். கூடவே ஒரு கை சுவரைத் தடவி வருகிற சரசரப்பு. பிள்ளை சுமந்தவளுக்கு அந்த நடை தெரியாதா? ஏழாம் மாதத்தில் பஞ்சம்மாளும் அதே சுவரைப் பிடித்துத்தான் நடந்தாள். எழுந்து போய்ப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். சுவரில் படிந்த தூசியில், இடுப்பு உயரத்தில், நீளமாக ஒரு கோடு இருக்கும். அந்தக் கோடு ஒவ்வொரு நாளும் அடுப்படி வாசலை நோக்கி ஒரு சாண் நீண்டது.

வைகுண்டராஜின் கை வண்டியைத் தாண்டியது. கல்யாணத்துக்குப் பிறகு வாங்கிய ரேடியோவை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். "அறுபத்தொண்ணுல இது இங்கன இல்ல." சாக்கு. அவளும் அவனும் மாலையோடு நிற்கிற படம். சாக்கு. கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டு ஓடிவந்தவளை, அது யாருடைய படம் என்று அவள்தான் சொல்ல வேண்டும் என்பது போலப் பார்த்தான். மறுநாள் வாசலில் அவளுடைய செருப்பைக் காணவில்லை. சாக்கின் வாயில் அதன் வார் நீட்டிக்கொண்டிருந்தது.

ஆனால் மகளிடம் மட்டும் பிரியமாக இருந்தான். அந்தப் பிரியம்தான் பஞ்சம்மாளை அதிகமாகப் பயமுறுத்தியது. ஒருநாள் கௌமாரியைத் தூக்கிப் பின்சீட்டில் வைத்துவிட்டு, இரண்டடி பின்னால் போய், ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தான். சாமான் பொருந்துகிறதா என்று பார்க்கிற பார்வை. அதை அவள் அறிவாள்.

"கஸ்தூரிக்கிட்டயும் ஒண்ணு இருந்துச்சுல்ல," என்றான் மெதுவாக. "அது தொலைஞ்சு போச்சு. இது செட் ஆகும்."

பஞ்சம்மாள் பாய்ந்து பிள்ளையைப் பறித்துக்கொண்டாள். புருஷன் போனாலும் போகட்டும். வீடு போகட்டும். பிள்ளையைக் கொடுக்க முடியாது.

மாட்டுவதற்கு மிச்சமிருந்தது ஒரே சாமான், பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கிற மிதி. மாதக்கணக்கில் தேடி அன்றைக்குத்தான் அது கிடைத்திருந்தது. ஒன்று குறைந்தாலும் அது இந்த வண்டி இல்லை என்று அவன்தானே சொன்னான்? அவன் கடைக்குப் போன சமயம் பார்த்து அதை எடுத்தாள். அடுக்களையில் சோளம் போட்டு வைத்திருந்த குலுக்கைக்குள் தோள்வரை கைவிட்டு, அடியில் புதைத்தாள். அன்று மத்தியானம் நடை கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. வைகுண்டராஜ் மட்டும் கடையிலும் வீட்டிலும் மிதியைத் தேடிக்கொண்டிருந்தான். பின்சீட்டில் இலேசாகத் தூசி படிந்திருந்தது. தூசியைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட பெண் தேனியிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அதோடு அவள் நிற்கவில்லை. பொட்டிப்புரத்து அண்ணன் குருசாமி வீட்டுக்குப் போய்விட முடிவு செய்தாள். சாயங்கால பஸ். மஞ்சள் பையில் பிள்ளையின் உடுப்பைத் திணித்தாள். வெளியே காற்று சாக்குப் படுதாக்களை அடித்துக்கொண்டிருந்தது. பொழுது இறங்குவதற்கு முன்பே தூசியில் தெரு மங்கிவிட்டது. "கௌமாரி" என்று கூப்பிட்டாள். பிள்ளையைத் தேடிக்கொண்டு உள்ளே போனாள்.

அடுக்களையில் சோளம் சிந்திக் கிடந்தது.

குலுக்கையின் மூடி கீழே. பிள்ளையின் கை எட்டாத உயரம் அது. சிந்திய சோளத்தில் இரண்டு வகைக் காலடி. ஒன்று சின்னது. மற்றது அகட்டி வைத்தது.

பட்டாசாலையில் மகள் பேசுவது கேட்டது.

"இந்தாங்கப்பா. பெரியம்மா எடுத்துத் தந்தாக. கால் வைக்க எடமில்லாம இத்தனை நாளா தொங்கப் போட்டுக்கிட்டு இருந்தாகளாம். வலிக்குதாம்."

ஸ்பேனர் திரும்புகிற சத்தம். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. இறுக்கம்.

பஞ்சம்மாள் ஓடினாள். ஓடினாள் என்றுதான் நினைத்தாள்; கால் நகர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வண்டி ஸ்டாண்டில் நின்றது. மின்னியது. வைகுண்டராஜ் உதைத்தான். முதல் உதையிலேயே என்ஜின் பிடித்துக்கொண்டது. பாத்திரங்கள் அதிர்ந்தன. ஸ்டாண்டில் தூக்கி நின்ற பின்சக்கரம் சும்மா சுழன்றது.

பின்சீட்டின் ஸ்பிரிங் இறங்கியது. மெதுவாக. ஒரு கனத்த பெண் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்காருகிற மாதிரி.

கௌமாரி தரையில் இல்லை. பின்சீட்டுக்கு மேலே இருந்தாள். சீட்டைத் தொடவில்லை. சீட்டுக்கும் அவளுக்கும் நடுவே ஒரு மடி அளவு இடைவெளி. சாய்ந்திருந்தாள். சொகுசாக. கீழே விழவில்லை.

"கௌமாரி! எறங்கு! அம்மாகிட்ட வா!"

பிள்ளை இவளைப் பார்த்தாள். கடைக்கு வருகிற ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பின்னால் திருப்பி, தலையை நிமிர்த்தி, அங்கே இருந்த முகத்திடம் கேட்டாள்.

"அம்மா, அங்கன நிக்கிறது யாரு?"

பஞ்சம்மாள் கையை நீட்டிப் பாய்ந்தாள். பிள்ளையின் பாவாடை விரல் நுனியில் பட்டது. அதற்கு மேல் போக முடியவில்லை. முந்தானை. யாரோ மரியாதையாக நுனியைக் கையில் எடுத்தது போல, ஒரு சின்ன இழுப்பு. குனிந்து பார்த்தாள். சுழலுகிற கம்பிகளுக்குள், மஞ்சளில் வெள்ளைப் புள்ளி போட்ட துணி அச்சிலிருந்து அவிழ்ந்து, அவளுடைய சேலையோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. தோள். கழுத்து.

"ஏங்க..."

வைகுண்டராஜ் திரும்பினான். அவளை வெளிச்சத்தில் மேலும் கீழும் பார்த்தான். பழைய துணியை எடுத்து, விரல் விரலாகக் கையைத் துடைத்தான்.

"இது நம்ம வண்டியோடது இல்ல," என்றான்.

மூலைக்குப் போய்ச் சாக்கை இழுத்து வந்து, அவள் பக்கத்தில் வைத்து, அதன் வாயை விரித்துப் பிடித்தான்.