கண் வைக்காத பொம்மை

மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேல்விழி பொம்மைக் கம்பெனிக்குள் நுழைந்தாள். கரண்ட் இல்லை. எல்லோரும் வேப்பமரத்தடியில் தூக்குவாளியைத் திறந்திருந்தார்கள். தன் தூரிகைகளை எடுத்துக்கொண்டு அவள் மூன்று மணி சென்னை வண்டியைப் பிடிக்க வேண்டும். அங்கே பீங்கானில் படம் எழுதும் பட்டறையில் நாளைக்குச் சேர வேண்டும். பத்து வருடமாகப் பொம்மைகளுக்குக் கண் மட்டுமே எழுதியவளின் ஒரே ஆசை அது.

ஆறு வருடத்துக்கு முன்பே போயிருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து கண் எழுதிய அமுதவள்ளியும் அவளும் சேர்ந்து கிளம்புவதாகத்தான் பேச்சு. ஜன்னலோரம் யாருக்கு என்று சண்டைகூடப் போட்டார்கள். கிளம்பும் நாளில் வேல்விழிக்குப் பயம் வந்துவிட்டது. வீட்டுக்குள் தாழ்போட்டுப் படுத்துக்கொண்டாள். அமுதவள்ளி ஸ்டேஷனில் காத்திருந்து, வண்டியை விட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுபடி அதே பெஞ்சு, அதே மண் தூசி. இரண்டாம் வருடம் இருமி இருமியே செத்தாள். பாவி, திட்டியாவது தொலைத்திருக்கலாம்.

உலர்த்தும் கொட்டகையில் ஈர மண் வாடை. பலகைகளில் வெள்ளைப் பொம்மைகள் சுவரைப் பார்த்தபடி நின்றன. கண் வைக்காத பொம்மை ஆளைப் பார்க்கக் கூடாது என்பது அங்கே வழக்கம்.

ஒன்று மட்டும் திரும்பியிருந்தது.

"யாரு வெச்சது இத?" என்று முணுமுணுத்தபடி அதைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். தூரிகைகளைத் துணியில் சுற்றிக்கொண்டு நிமிர்ந்தாள்.

எல்லாம் திரும்பியிருந்தன.

எல்லாவற்றுக்கும் கண் இருந்தது.

மை காயவில்லை. இடது கண் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. அப்படி எழுதி மேஸ்திரியிடம் திட்டு வாங்கியவள் ஒருத்திதான்.

முதுகுக்குப் பின்னால் இருமல்.

"இன்னிக்கும் வூட்டுக்குத்தானடி ஓடுவ?"

கால் வீட்டுப் பக்கம்தான் இழுத்தது. ஓடிப்போய்த் தாழ்போட்டுக்கொண்டால் போதும் என்றிருந்தது. அன்றைக்கும் இப்படித்தான் இருந்தது.

"இல்லடி, போறேன்." தூரிகைக் கட்டை இடுப்பில் செருகினாள். "அன்னிக்கே வந்திருக்கணும். மன்னிச்சுடுடி."

திரும்பிப் பார்க்காமல் ஸ்டேஷன் வரை நடந்தாள்.

வண்டியில் ஜன்னலோரமே கிடைத்தது. சூளைப் புகைபோக்கிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. ஜெயித்துவிட்டோம் என்று வேல்விழி மூச்சு விட்டாள். மாலை வெயில் மடியில் விழுந்தது.

எதிர்ச் சீட்டு அம்மாள் அவள் முழங்காலைத் தட்டினாள்.

"கொஞ்சம் நவுந்து ஒக்காரும்மா. ஒங்கூட ஏறுன பொண்ணு இருமிக்கிட்டே எவ்ளோ நேரமா நிக்குது, பாரு."

வேல்விழி நிமிரவில்லை. ஜன்னலோரத்தை விட்டு மெல்ல நகர்ந்தாள்.

காலியான இடத்தில் ஈர மண் வெள்ளையாகப் படிந்தது.